சுத்திக்காட்டியின் தோப்பும் மிதந்த பேரிக்காயும்

டிகிரி தன் மாமாவை முதன்முதலில் சந்தித்தது கல்லூரி வாசலில். அவர் அப்போது இன்னும் மாமா ஆகியிருக்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், மத்தியானம் வந்து பார்ப்பார், வாயை அடக்கிப் பேசு என்று அம்மா போனில் எச்சரித்திருந்தாள். டிகிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், வாட்ச்மேனின் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆளின் இரண்டு உள்ளங்கைகளும் கன்னங்கரேலென்று இருந்தன. ஜெனரேட்டர் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் என்று முடிவு கட்டிய டிகிரி, "ஆபீஸ் ரூம் இடது பக்கம்ணே" என்று வழிகாட்டினான்.

"தெரியும் மாப்ளே, பாத்துட்டேன். உங்க பிரின்சிபால் சீட்டுல இல்ல" என்றார் அவர்.

ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துவிட்டாராம். சும்மா இருக்க முடியாமல் வாட்ச்மேனைப் பிடித்து, தோட்டக்காரரைப் பிடித்து, கேன்டீனில் டீ குடித்து, கட்டடம் கட்டடமாகப் பார்த்து முடித்திருந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "வா, சுத்திக் காட்டுறேன்" என்று டிகிரியின் தோளில் கைபோட்டு, அவன் நாலு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்த கல்லூரியை அவனுக்கே சுற்றிக் காட்டினார். "அதோ தெரியுதே, அதான் லைப்ரரி. மேல் மாடியில ஃபேன் ஓடாது. நீ கீழேயே உக்காந்து படி." டிகிரி அந்த லைப்ரரிக்குள் அதுவரை போனதே இல்லை என்பதை மரியாதை கருதி மறைத்துவிட்டான்.

கையில் இருந்தது எண்ணெய்க் கறை இல்லை, அக்ரூட் கறை. கடையில் வால்நட் என்று, குட்டி மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக விற்கிறார்களே, அந்தக் கொட்டை மரத்தில் இருக்கும்போது பச்சைத் தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலை உரித்தவன் கை கறுத்துப் போகும். எந்த சோப்புக்கும் மசியாது. அந்த வருஷம்தான் அவர் தோப்பில் முதல் காய்ப்பு. மரம் காய்க்கட்டும், அப்புறம் பெண் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர், காய்த்த கையோடு, அதாவது அந்தக் கறுத்த கையோடு, புறப்பட்டு வந்திருந்தார்.

டிகிரி என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவன் வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவன். சேர்க்கை கிடைத்த அன்றைக்கே ஊர் அந்தப் பெயரை வைத்துவிட்டது. பட்டம் வாங்கும் முன்பே பட்டப்பெயர் வாங்கியவன் என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு மிதப்பு. கடைசி வருஷம் ஒரு பாடத்தில் தோற்று, துணைத் தேர்வு எழுதித்தான் கரையேறினான். அப்போதும் ஊர் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மாமாவுக்கும் அவர் ஊரில் ஒரு பெயர் உண்டு. சுத்திக்காட்டி. இளவயதில் லாரி ஓட்டப் போனவர் அவர். நாளெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, பேச ஆளில்லாமல் மைல்கல்லோடு பேசிக்கொண்டு போனவர். அப்போது பேசாமல் சேர்த்துவைத்ததை எல்லாம் இப்போது மொத்தமாக அவிழ்த்துக் கொட்டுகிறார் என்பாள் அக்கா. முதுகு மக்கர் பண்ணி லாரியை விட்டபோது, யாரும் சீந்தாத ஒரு சரிவு நிலத்தை வாங்கி அக்ரூட் கன்று நட்டார். மரங்களுக்குப் பெயர் வைத்தார். வாசலருகில் இரட்டையாக நிற்பவை ஹெட்லைட். ஓரமாக, யாருக்கும் வேண்டாத மாதிரி நிற்பது ஸ்டெப்னி. நடுத்தோப்பில், கிளை ஒடிகிற அளவுக்குக் காய்ப்பது ஓவர்லோடு.

தோப்புக்கு யார் வந்தாலும் சரி, மீட்டர் பார்க்க வந்தவரானாலும், வழி தெரியாமல் வண்டியை நிறுத்தி விசாரித்தவரானாலும், "வா, சுத்திக் காட்டுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். வழி மாறாது. மேலே தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, வளைந்து வளைந்து இறங்கி, குறிப்பிட்ட இடங்களில் "இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று நிறுத்தி, அந்தந்த இடத்துக்கான கதையைச் சொல்லி, கடைசியில் கீழ்வரிசைக்குக் கூட்டிவருவார். கீழ்வரிசைதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிற வரிசை. அதன்பின் வீட்டுக்குள். கூடத்தில் டிகிரி பட்டமளிப்பு அங்கியில் நிற்கிற படம், கல்யாணப் படத்தைவிடப் பெரிய சட்டத்தில் மாட்டியிருந்தது. "இவன் என் மச்சினன். மண்ணை மோந்து பாத்தே மரத்துக்கு என்ன சீக்குன்னு சொல்லிடுவான்" என்பதோடு சுற்றல் முடியும்.

டிகிரிக்கு மண்ணை மோந்தால் தும்மல் வரும். அது தவிர வேறு எதுவும் வந்ததில்லை. ஆனால் ஒருமுறைகூட அவரைத் திருத்தியதில்லை.

அவன் வேலை பார்த்தது ஒரு பயிர்நோய்ப் பரிசோதனைக்கூடத்தில். வெளியில் சொன்னால் பெருமை, உள்ளே வந்தால் அழுகல் நாற்றம். சொத்தை வேர், புழுத்த கிழங்கு, புள்ளி விழுந்த இலை என்று விவசாயிகள் பையில் கட்டிக்கொண்டு வருவதைப் பிரித்து, வெட்டி, வளர்த்து, எந்தக் கிருமி என்று சொல்ல வேண்டும். சில நாள் தோப்புகளுக்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போவான். சீக்குப் பிடித்த தோப்புகளில் நாள் முழுக்க மிதித்த அதே பூட்ஸோடு, சிங்கம் மாதிரி போவான்.

மேல்பகுதி மரங்கள் உச்சியிலிருந்து காயத் தொடங்கியது அந்த நாட்களில்தான். முதலில் நுனிக் கொம்பு மொட்டையாகும். இலை சிறுத்து மஞ்சளடிக்கும். காய் பருக்காமலே உதிரும். அப்புறம் மரம் மேலிருந்து கீழாகச் சாகும். பார்க்கிற யாருக்கும் தாகத்தில் சாகிற மாதிரிதான் தெரியும். மாமாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"தண்ணி பத்தல மாப்ளே. தொட்டியிலேர்ந்து கீழ்வரிசை வரைக்கும் ஒரு வாய்க்கா வெட்டி விட்டுட்டா மேலயும் நனையும், கீழயும் நனையும்" என்றார்.

டிகிரிக்கு வேறொரு சந்தேகம். மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தின்கிற ஒரு கிருமி உண்டு. பூஞ்சை மாதிரி இருக்கும், பூஞ்சை இல்லை. பாசிக்குத் தூரத்துச் சொந்தம். ஃபைட்டோஃப்தோரா என்று பெயர். ஈர மண்ணில் அதன் வித்துகள் வாலை ஆட்டி நீந்திப் போய் அடுத்த வேரைப் பிடிக்கும். வேர் போனபின் மரம் தண்ணீர் குடிக்க முடியாமல் காயும். அதைத் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் விட்டால், கிருமிக்குப் படகு விட்ட மாதிரி. மேலே இருப்பது அதுதான் என்றால், மாமா வெட்டப்போகிற வாய்க்கால் அதை நேரே கீழ்வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"மாமா, வாய்க்காலை இப்போ தொடாதீங்க. மண்ணை டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்."

"நீ சொன்னா சரி. வா, சுத்திக் காட்டுறேன்."

தோளில் கை விழுந்தது. மாமா அவனை நேராகச் செத்த மரங்களுக்கு அழைத்துப்போனார். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, அது கன்றாக வந்த நாளிலிருந்து கதை சொன்னார். அக்கா பின்னாலேயே வந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துக்க வீட்டில் நிற்கிறவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே, டிகிரி அந்தச் செத்த மரங்களின் அடியில் மண்ணை அள்ளிப் பையில் கட்டினான். காட்டியதை அள்ளிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான்.

பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. "கண்டறியப்படவில்லை" என்று அச்சடித்து, முத்திரை வைத்து, தன் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டு அனுப்பினான். படிப்பு சொந்தக் குடும்பத்துக்கு உதவுகிறது பார் என்று அன்றைக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

மாமா அதை ஊர் முழுக்க வாசித்துக் காட்டிவிட்டு, மண்வெட்டியைத் தூக்கினார்.

நெஞ்சு சுருங்கியது ஒரு போன் அழைப்பில். வேறொரு தோப்புக்காரர் மண் எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தார். டிகிரி நாற்காலியில் சாய்ந்து, இருநூறு தடவை சொன்ன பாடத்தைக் கிளி மாதிரி ஒப்பித்தான்.

"செத்த மரத்தடியில எடுக்காதீங்க ஐயா. அங்க இருக்காது. வேர் செத்ததும் கண்ட பூஞ்சையெல்லாம் வந்து குடியேறிடும், நம்ம ஆளு அடுத்த மரத்தைப் பாத்துப் போயிருப்பான். திருடன் போன வீட்ல போய்த் திருடனைத் தேடுற மாதிரி அது. மஞ்சளடிச்சு, இன்னும் உயிரோட நிக்குற மரமாப் பாத்து, ஈர மண்ணா, வேர் நுனியோட..."

அங்கேயே நின்றுவிட்டான்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்யா. இருந்து என்ன பிரயோஜனம்" என்றான் டிகிரி.

அடுத்த பஸ்ஸில் ஏறினான். நடுவில் இறங்கி, சந்தையில் பழக்கடைக்காரியிடம் பேரிக்காய் பொறுக்கினான். கனியாததாக, கீறல் இல்லாததாக, மெழுகு பூசாததாக வேண்டும். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அவள் பொறுமை போய்விட்டது.

"பேரிக்காய் வாங்கறியா, பொண்ணு பாக்கறியா?"

"அழுகறதுக்கு வேணும்க்கா."

"அழுகினதே அந்தக் கூடையில இருக்கே, சும்மா எடுத்துட்டுப் போ."

"அழுகினது வேணாம். இனிமே அழுகணும்."

அவள் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துத் தலையில் விரலைச் சுழற்றிக் காட்டினாள். படித்தவன் முகத்தில் இருக்கும் என்று சொல்கிற களை அன்றைக்கு அவன் முகத்தில் இல்லை போலிருக்கிறது.

தோப்பில் மாமா இடுப்பளவு வாய்க்காலுக்குள் நின்றிருந்தார். நடுத்தோப்பைத் தாண்டிவிட்டது. கீழ்வரிசைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"மாமா, நிறுத்துங்க. மறுபடியும் மண் எடுக்கணும்."

"ஏன், ரிப்போர்ட் தப்பா?"

"ரிப்போர்ட் சரி. மண்ணு தப்பு."

"என் மண்ணைத் தப்புன்னு சொல்லாதே."

"எடுத்த இடம் தப்பு மாமா. எடுத்தவன் தப்பு. உயிரோட இருக்குற மரத்துல எடுத்திருக்கணும். அதோ, ஓவர்லோடு. உச்சி மஞ்சளடிக்குது பாருங்க. அதோட வேரைக் கொஞ்சம் வெட்டணும்."

மாமா வாய்க்காலிலிருந்து ஏறி வந்தார். ஓவர்லோடின் அடிமரத்தில் முதுகை வைத்து, யாரோ அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடப் போகிற மாதிரி நின்றார்.

"நிக்குற மரத்தோட காலை வெட்டிப் பாத்துட்டு, உனக்கு ஒரு நோவும் இல்லைன்னு சொல்லப்போறியா? போன தடவை மாதிரியே?"

டிகிரியின் நாலு வருஷப் படிப்பில் இந்தக் கேள்விக்கான பாடம் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அது அவன் தோற்ற பாடமாகத்தான் இருக்கும்.

கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அக்கா, சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். புருஷனையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை.

"தள்ளுங்க" என்றாள்.

"ஏய், நீயுமா?"

"இவன் ஒரு தடவை கோட்டை விட்டான். அதுக்காக நீங்க கீழ்வரிசையையும் சேத்துக் கோட்டை விடணுமா? இந்த ஒரு மரம் நொண்டினா நொண்டிட்டுப் போகட்டும். தள்ளுங்கன்னேன்."

மாமா தள்ளினார். அக்காவே செருப்பைக் கழற்றிவிட்டுத் தோண்டினாள். ஒரு முழத்துக்குள் வேர் தெரிந்தது. மெல்லிய வேர் நுனிகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த நார்தான் இருந்தது. டிகிரி தொட்டதும் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது.

"இது போதுமா?" என்றாள் அக்கா.

"சந்தேகம்தான் உறுதியாகுது. ஆளை இன்னும் புடிக்கல."

பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தாள் அனுப்பினால் மாமா நம்பமாட்டார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தடவை அவன் தாளை நம்பி வாய்க்கால் வெட்டியவர் அவர். அதனால் தூண்டிலை அடுக்களையிலேயே போட்டான். வேலை எளிதுதான். மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே ஒரு பேரிக்காயை மிதக்கவிட வேண்டும். கிருமி இருந்தால் வித்துகள் நீந்தி வந்து பழத்தைக் கடிக்கும். கடித்த இடத்தில் பழுப்புப் புள்ளி விழும். அக்காவிடம் மூன்று பேசின் வாங்கி, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றினான். ஒன்றில் ஓவர்லோடின் மண். ஒன்றில் செத்த மரத்து மண். மூன்றாவதில் மண்ணே இல்லை, வெறும் தண்ணீர். தண்ணீரோ பழமோ கெட்டதில்லை என்று தெரிந்துகொள்ள அது.

"புள்ளி விழுற வரைக்கும் மண்வெட்டியைத் தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"விழலைன்னா?"

"நானே வந்து வெட்டித் தர்றேன்."

மாமா சம்மதித்தார். ஆனால் வாயைக் கட்ட யாரால் முடியும்? போகிற வருகிறவரை எல்லாம் அடுக்களைக்குக் கூட்டிவந்தார். "வாங்க, சுத்திக் காட்டுறேன். இது என் மச்சினன். டிகிரி முடிச்சிருக்கான். பேரிக்காய் குளிப்பாட்டற வேலை." பால்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஜுரம் வராம பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். டிகிரி லீவு போட்டு, பேசின்களுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, குழந்தைத் தொட்டிலுக்குக் காவல் இருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

காவல் காத்த லட்சணம் எப்படியென்றால், ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் போய்த் திரும்பிவந்தபோது, மூன்றாவது பேசின் காலியாக இருந்தது. மாமா வாசற்படியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்.

"மாமா! அது ஒப்பீட்டுக்கு வச்சிருந்த பழம்!"

"எதுக்கு?"

"கெட்டுப்போகலைன்னு பாக்கறதுக்கு!"

"கெட்டுப்போகல மாப்ளே. நான்தான் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தானே கடிச்சேன். ஒரு புள்ளி இல்ல. சும்மா கல்லு மாதிரி இருந்துச்சு."

டிகிரிக்கு அழுகையே வந்தது. தலையில் கைவைத்துக்கொண்டு மற்ற இரண்டு பேசின்களைப் பார்த்தான். செத்த மரத்து மண்ணில் மிதந்த பழம் முந்தின நாள் மாதிரியே பச்சையாக இருந்தது. ஓவர்லோடின் மண்ணில் மிதந்ததைக் கையில் எடுத்துத் திருப்பினான்.

தண்ணீர்மட்டத்தை ஒட்டி வரிசையாகப் பழுப்பு வட்டங்கள். அழுத்திப் பார்த்தான். கொழகொழவென்று இல்லை, கெட்டியாக இருந்தது. வெறும் அழுகல் என்றால் விரல் உள்ளே போகும். இது அது இல்லை.

"மாமா, இங்க வாங்க. நீங்க தின்ன பழத்துல இது இருந்துச்சா?"

மாமா வந்து பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"தின்னவனுக்குத் தெரியாதா? இல்லவே இல்ல."

டிகிரி அதுவரை செய்த ஒப்பீடுகளிலேயே சாட்சியோடு நிரூபணமானது அது ஒன்றுதான். அந்தப் புள்ளியின் ஓரத்தை வெட்டி எடுத்துப்போய் வளர்த்து, நுண்ணோக்கியில் பார்த்தபோது, பவளக்கொத்து மாதிரி முடிச்சு முடிச்சான இழைகள் தெரிந்தன. மரபணுச் சோதனையும் அதே ஆள்தான் என்றது. இந்தத் தடவை கையெழுத்தைச் சின்னதாகப் போட்டான்.

தாளோடு அவன் திரும்பி வந்தபோது மாமா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இது எப்படிடா என் தோப்புக்குள்ள வந்துச்சு?"

"தண்ணியில வரும். கன்னு வாங்கின மண்ணுல வரும். செருப்புல ஒட்டிக்கிட்டு வரும்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா அவன் கால்களைப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார். கடைசியாக டிகிரியும் பார்த்தான். கணுக்கால் வரை மண் அப்பிய பூட்ஸ், சிங்கத்தின் பாதம்.

"கழட்டு" என்றாள் அக்கா.

மூன்று பேசின்கள் மறுபடியும் வந்தன. ஒன்றில் டிகிரியின் பூட்ஸில் சுரண்டிய மண், ஒன்றில் மாமாவின் செருப்பு மண், ஒன்றில் அக்காவின் செருப்பு மண். இந்தத் தடவை யாரும் பழத்தைத் தொடவில்லை. அக்காவின் பழம் பச்சையாகவே இருந்தது. "உங்களை மாதிரி ஊர்வலம் போக எனக்கு நேரம் ஏது?" என்றாள். மாமாவின் பழத்தில் இரண்டு புள்ளி விழுந்திருந்தது. டிகிரியின் பழத்துக்கு அம்மை போட்டிருந்தது.

"யார் மொதல்ல கொண்டுவந்தாங்கன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது" என்றான் டிகிரி. "நானும் இங்கேயே நடந்திருக்கேன். இங்கேயே ஒட்டியிருக்கலாம்."

"அப்படியா டாக்டரே?" என்றார் மாமா. பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "திருடனைப் புடிக்க வந்த போலீசு, திருடனைத் தோள்ல தூக்கிட்டு வந்திருக்கான். அப்புறம் என் தோப்பைச் சுத்தி ரோந்து வேற."

அன்று சாயங்காலம் டிகிரி, அக்காவின் செருப்பைக் கழுவி மாட்டிக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்றபடியே மரங்களை எண்ணினான். மஞ்சளடித்தவை நீரோட்டத்தின் போக்கில் மட்டும் இல்லை. தொட்டியருகே இரண்டு, பிறகு வளைவில் ஒன்று, பிறகு ஓவர்லோடு, பிறகு ஒரு பாறை ஓரத்தில் ஒன்று. எங்கேயோ பார்த்த வழி மாதிரி இருந்தது. அப்புறம் காதில் கேட்டது. *இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க.* மாமா விருந்தாளிகளை நிறுத்திக் கதை சொல்கிற இடங்கள் எல்லாம் மஞ்சள். முதலில் செத்த மரங்களைக் காட்டி அனுதாபம் வாங்கி, அந்த மண்ணோடு நல்ல மரங்களுக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார். மரங்கள் காய ஆரம்பித்தபின் விசாரிக்க வந்தவர்கள் இரட்டிப்பானார்கள். ஊர்வலத்தின் முன்வரிசையில் வாராவாரம் டிகிரி. கடைசி நிறுத்தம் கீழ்வரிசை. அங்கே இன்னும் ஒரு மரம்கூட மஞ்சளடிக்கவில்லை.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? மண்ணில் சீக்கு என்று சொல்லலாம், மரம் சாகும் என்று சொல்லலாம், நீங்கள் இனிமேல் யாரையும் சுற்றிக்காட்டக் கூடாது என்று அவரிடம் யார் சொல்வது? சொன்னான். மாமா நீண்ட நேரம் கறுத்த உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், வெட்டிய வாய்க்காலை மூட ஆரம்பித்தார். டிகிரி கீழே குதிக்கப் போனான். "நீ இறங்காதே. உன் காலுக்குத் தோப்புல தடை" என்றார்.

மழை தொடங்கிய வாரத்தில், மாமாவின் சித்தப்பா ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். மரங்கள் சாகிறதாம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த கூட்டம். மாமா தோப்பின் கேட்டுக்கு ஓடினார். டிகிரி வீட்டு ஜன்னலுக்கு வந்தான். அக்கா கையில் இருந்த முறம் அப்படியே நின்றது. மண் ஈரமாகிவிட்டது. இந்த ஒரு ஊர்வலம் போதும்.

"வாங்க சித்தப்பா" என்று மாமா கேட்டைப் பிடித்துக்கொண்டார். திறக்கவில்லை.

"என்னப்பா, தொறயேன்."

"உள்ள வேணாம் சித்தப்பா. இங்கேருந்தே பாருங்க. எல்லாம் தெரியும்."

"வெளியே நின்னு பாக்க இது என்ன மிருகக்காட்சி சாலையா? சுத்திக் காட்டுறேன்னு ஊரையே இழுத்துட்டுத் திரிஞ்சவன் நீதானே?"

"நான்தான். அதனாலதான் வேணாங்குறேன். உங்க கால்ல ஒட்டிக்கிட்டு கீழ்வரிசைக்குப் போயிடும்."

"எங்க காலு அவ்வளவு அசிங்கமாயிடுச்சா?" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு அத்தை குரல் கொடுத்தாள். "மச்சினன் படிச்சிருக்கான்ல, அந்தத் திமிரு."

பேச்சுக்குப் பஞ்சமில்லாத மாமா அன்றைக்கு வார்த்தை கிடைக்காமல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை டிகிரி பார்த்தான். தாழ்ப்பாளின் மேல் கை இருந்தது. கொஞ்சம் இழுத்தால் போதும், சொந்தம் முறியாது. கை அங்கேயே இருந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை.

டீ போட்டு எடுத்துக்கொண்டு அக்கா வேன் பக்கம் போனாள். பாதிப்பேர் குடிக்கவில்லை. வேன் திரும்பிப் போனது. சித்தப்பா வீட்டு அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. மாமா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

அந்த மழையில் ஓவர்லோடு விழுந்தது. மேல்பகுதி மரங்களை எல்லாம் வெட்டி அங்கேயே எரித்தார்கள். கீழ்வரிசைக்கு மேலேயிருந்து தண்ணீர் இறங்காமல் திருப்பிவிடும் கரை போட்டு, மரங்களின் எதிர்ப்புச் சக்திக்கு மருந்து அடித்தார்கள். மருந்து கிருமியைக் கொல்லாது, தள்ளிப்போடும். அதையும் டிகிரி இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டான்.

மாமா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். மேல்பகுதியில் மரமில்லை, மாட்டுக்குப் புல் வளர்க்கிறார். கீழ்வரிசையில் இரண்டு மரம் போய்விட்டது, மற்றவை காய்க்கின்றன. கேட்டருகே மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அக்காவும் மாமாவும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். சித்தப்பா வீட்டோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. டிகிரி அதே பரிசோதனைக்கூடத்தில் அதே வேலையில் இருக்கிறான். அக்கா வீட்டுக்கு மாதம் ஒருமுறை போகிறான், தோப்புக்குள் போவதில்லை.